பாட்டில் ஜாம் ஆனா ஆபரேட்டரத் திட்டாதீங்க, அந்த ஃபனல வரைஞ்சவரக் கூப்பிட்டுக் கேளுங்க

இதுக்கு மேல வாய மூடிட்டு இருக்க முடியல, எழுதிடறேன். இன்னைக்கும் ஷிஃப்ட் மீட்டிங்ல அதே பேச்சு, லேபிள் ஒட்டுற மெஷினான லேபிளருக்கு முன்னாடி, அகலமா வர்ற பாட்டில ஒத்த வரிசையாக்குற ஃபனல்ல பாட்டில் சிக்கி ஜாம், காரணம்னு கட்டத்துல எழுதியிருக்கறது "ஆபரேட்டர் கவனக்குறைவு". யாரு கவனக்குறைவு? நைட் ஷிஃப்ட் முழுக்க அந்த கன்வேயர் ஓரத்துல பிவிசி பைப்ப வச்சுகிட்டு நின்ன இடத்துல நின்னு பாட்டிலத் தட்டித் தட்டி விட்டுட்டு இருந்தாங்களே அந்த அக்காவா? அவங்க இல்லன்னா அந்த லைன் பத்து நிமிஷம் சேந்தாப்புல ஓடாது, இது மீட்டிங்ல உக்காந்திருந்த எல்லாருக்கும் தெரியும், ஆனா ஒருத்தர் வாயத் தொறக்கல.

நான் மெயின்டனன்ஸ் ஆளு. கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழ ஜூஸ் ஓட்டுற லைன், கம்பெனி பேரெல்லாம் வேண்டாம். பெங்களூரா மாம்பழக் கூழ் ஜூஸாகி 85 டிகிரிக்கு மேல சூட்டோட பெட் பாட்டில்ல ஃபில் ஆகுது, மூடி போட்ட உடனே பாட்டிலச் சாய்ச்சு அந்தச் சூட்டுலயே மூடியோட உள்பக்கமும் சுத்தமாகுது, அப்புறம் கூலிங் டனலுக்குள்ள போய் தண்ணி ஸ்ப்ரேயில மெதுவா நகந்து ஆறி வெளிய வருது. அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கா நடக்குது. வினை ஆரம்பிக்கிறதே டனல விட்டு வெளிய வர்ற இடத்துலதான்.

டனல் அகலம் 2 மீட்டர். நிமிஷத்துக்கு 200 பாட்டில், அரை லிட்டர், 65 மில்லிமீட்டர் விட்டம். குறுக்க ஒரு வரிசைக்கு 30 பாட்டில் நிக்கும், தேன்கூடு மாதிரி ஒன்னோட ஒன்னு ஒட்டி வருது, அதனால பெல்ட் நிமிஷத்துக்கு 37 சென்டிமீட்டர் நகந்தாலே 200 பாட்டில் வெளிய வந்துடும். அதே 200 பாட்டில் லேபிளர் வாய்க்கு ஒத்த வரிசையா போகணும்னா, இடைவெளியே இல்லாம ஒட்டிகிட்டு போனாக்கூட செயின் நிமிஷத்துக்கு 13 மீட்டர் ஓடணும். அதாவது 35 மடங்கு வேகம். ஊர்ந்து வர்ற பாட்டில ஒரே இடத்துல 35 மடங்கு வேகத்துக்கு இழுத்தா அது எப்படி நிக்கும் சொல்லுங்க, அதுவும் நனைஞ்ச பாட்டிலு. அடிப்பாகத்த செயின் இழுத்துட்டுப் போகுது, தலை பின்னாடியே நிக்குது, சாய்ஞ்சு விழுது. ஒரு பாட்டில் விழுந்தா அது குறுக்க உருண்டு பின்னாடி வர்ற பத்து பாட்டில நிறுத்துது.

இத எப்படிச் செய்யணும்னு உலகத்துல யாருக்கும் தெரியாதுன்னா சரி, நானும் பேசாம இருப்பேன். ஆனா தெரியுமே! 82.5 மில்லிமீட்டர் அகல ஸ்லாட் செயின, அதாவது தட்டைத் தகடு கோத்த கன்வேயர் செயின, பக்கத்துல பக்கத்துல வரிசையாப் போட்டு, ஒவ்வொரு செயினும் அதுக்கு முந்தின செயின விட கொஞ்சம் வேகமா ஓட விட்டு, கைடு ரயில, அதாவது பாட்டில வழிநடத்துற ஓரத் தடுப்புக் கம்பிய, மெல்லிசான சாய்வுல நீளமா இழுத்துட்டுப் போனா, பாட்டில் ஒரு செயின்ல இருந்து அடுத்த செயினுக்கு தானா நகந்து நகந்து, ஒன்ன ஒன்னு தள்ளாம, கடைசி செயின்ல ஒத்த வரிசையா வந்து நிக்கும். அழுத்தமே இல்லாத கம்பைனர்னு இதுக்குப் பேரு. நாளைக்கு யாரோ கண்டுபிடிக்கப் போற விஷயம் இல்ல இது, பாட்டிலிங் மெஷின் செய்யற பெரிய கம்பெனி எல்லாரும் விக்கிறாங்க. இதுக்கு வேண்டியது ரெண்டே விஷயம், செயினுக்குத் தனித்தனியா மோட்டார், அப்புறம் நீளம். அந்த நீளத்தத்தான் எங்களுக்குக் குடுக்கல.

எங்களுக்குக் குடுத்தது 2 மீட்டர். 2 மீட்டர் அகலத்த 2 மீட்டர் நீளத்துக்குள்ள ஒத்த வரிசையாக்கணும்னு ஒரு பக்கம் ரயில நேராவும் இன்னொரு பக்கத்த ஏறக்குறைய 45 டிகிரி சாய்வாவும் வச்சு ஒரு ஃபனல் அடிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. ஏன்னு கேட்டா குடோனுக்கு இடம் வேணுமாம், பேலட் அடுக்க வேணுமாம். அந்தச் சாய்வுல என்ன ஆகும்னா, வாய்கிட்ட ரெண்டு மூனு பாட்டில் ஒரே நேரத்துல வந்து தோளோட தோள் முட்டி, ஒரு பக்கம் ரயில், இன்னொரு பக்கம் ரயில், நடுவுல வளைவு கட்டுன மாதிரி நின்னுக்கும். கூட்டமான டவுன் பஸ்ஸுல படிக்கட்டுல ரெண்டு பேரு ஒன்னா ஏறி சிக்கிகிட்டா பின்னாடி இருக்கறவங்க தள்ளத் தள்ள இன்னும் இறுகுமே, அதேதான். பின்னாடி டனல்ல இருந்து வர்ற எல்லா பாட்டிலோட தள்ளலும் அந்த மூனு பாட்டில் மேல விழுது, அது ரயில் மேல அழுத்துது, எவ்வளவு தள்ளுதோ அவ்வளவு இறுகுது. தானா விடவே விடாது. பாட்டில் உள்ள வாங்கி நசுங்கும், லேபிள் ஒட்டுற இடத்துல குழி விழும், அப்பக்கூட விடாது. யாராவது கைய விட்டு ஒரு பாட்டில பின்னாடி தள்ளினாத்தான் விடும்.

அந்த யாராவதுதான் நம்ம அக்கா. காண்ட்ராக்ட் ஆளு. அவங்க வேலைக்கு லைன் டிராயிங்ல பேரே கிடையாது, மெஷின் லிஸ்ட்ல கிடையாது, ஆனா மூனு ஷிஃப்டுக்கும் அந்த இடத்துல ஒரு ஆளு நிக்கிறாங்க. ஒரு மெஷின் செய்ய வேண்டிய வேலைய ஒரு மனுஷி கைல பைப்பக் குடுத்து செய்ய வச்சுட்டு, அது தவறிப் போனா அவங்க கவனக்குறைவுன்னு எழுதறாங்க பாருங்க, எனக்கு அங்கதான் வயிறு எரியுது. அவங்க நிக்கிற இடத்துல செயின் திரும்புற ஸ்ப்ராக்கெட் பல்சக்கரத்துக்கும் டெட் பிளேட்ங்கற அசையாத தகட்டுக்கும் நடுவுல விரல் போற அளவுக்குச் சந்து. கையுறை நனைஞ்சு தொங்குது. அவங்க கைக்கெட்டுற தூரத்துல ஒரு எமர்ஜென்சி ஸ்டாப் இல்ல, லேபிளர் பேனல்கிட்ட ஓடிப்போய் அமுக்கணும். ஆபத்தான மெஷின் பாகத்துக்கு வேலி போடணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலயே 21வது பிரிவுல எழுதி வச்சுட்டாங்க. கன்வேயர் ஓரமா ஒரு புல் கார்டு, அதாவது இழுத்தா லைன் நிக்கிற கயிறு, இழுத்துக் கட்ட என்ன ஆயிரப்போகுது? நான் எழுதிக் குடுத்தேன். பட்ஜெட்ல பாக்கலாம் தம்பின்னாரு மேனேஜர் சார். அவ்வளவுதான்.

இதுல இன்னொரு கொடுமை பஃபர், அதாவது ஒரு மெஷின் நின்னா பாட்டில் தேங்கி நிக்கிற இடம். ஃபனலுக்கும் லேபிளருக்கும் நடுவுல 6 மீட்டர் கன்வேயர். ஒட்டி ஒட்டி நிறுத்தினாக்கூட 92 பாட்டில்தான் நிக்கும், அதாவது 28 செகண்டுக்கான பாட்டில். லேபிள் ரோல் மாத்த எவ்வளவு கை வேகம் உள்ள பையனா இருந்தாலும் ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும், ரோல் தானா ஒட்டிக்கிற மெஷின் எங்ககிட்ட இல்ல. அப்ப ஒவ்வொரு ரோலுக்கும் லைன் பின்னாடி நிரம்பி, டனல் நின்னு, ஜூஸ் நிரப்புற ஃபில்லர் நின்னு போகுது. ஃபில்லர் நின்னா அங்க சூடா இருக்கற ஜூஸ் திரும்பச் சுத்தி திரும்பச் சூடாகணும், நிறம் மாறுது, ருசி மாறுது, ஃபில்லருக்கும் டனலுக்கும் நடுவுல மாட்டுன பாட்டில் எல்லாம் சூட்டுலயே கிடந்து க்வாலிட்டிகாரங்க வெளிய அனுப்பாதீங்கன்னு ஹோல்டு போடறாங்க. சீசன்ல மே, ஜூன்ல விவசாயி லோடு லோடா பழத்த ஏத்திட்டு வந்து கேட்ல நிக்கிறாங்க, உள்ள நாங்க ஒரு லேபிள் ரோலுக்காக ஜூஸ வீணாக்கிட்டு இருக்கோம். 

மூனு நிமிஷத்துக்கு பஃபர் வேணும்னா 600 பாட்டில். ஒத்த வரிசையில வைக்கப் போனா 39 மீட்டர் கன்வேயர் வேணும், யாராலயும் குடுக்க முடியாது, ஒத்துக்கறேன். ஆனா ஒரு அக்யூமுலேஷன் டேபிள் போட்டு நெருக்கி நிறுத்தினா 600 பாட்டிலுக்கு 2.2 சதுர மீட்டர் போதும். ரெண்டு ஆபீஸ் மேஜை இடம்! ரெண்டு பக்கமும் ஓடுற டேபிள், லேபிளர் நின்னா பாட்டில உள்ள வாங்கிக்கும், ஓட ஆரம்பிச்சா திருப்பி விடும். அந்த 2.2 சதுர மீட்டரு இல்லன்னு சொன்ன அதே தரையிலதான் இப்ப ரிஜெக்ட் பாட்டில் க்ரேட்டா அடுக்கி வச்சிருக்கு.

அதுவும் டேபிள் மட்டும் போட்டா பத்தாது. லைன்ல ஃபில்லர்தான் மெதுவான மெஷினா இருக்கணும், அதுக்கு முன்னாடி இருக்கறதும் பின்னாடி இருக்கறதும் தள்ளிப் போகப் போக கொஞ்சம் கொஞ்சமா வேகம் கூடணும், வரைஞ்சு பாத்தா வி மாதிரி வரும். ஃபில்லருக்கு முன்னாடி பஃபர் எப்பவும் நிரம்பி இருக்கணும், பின்னாடி பஃபர் எப்பவும் காலியா இருக்கணும். பேக்கேஜிங் லைன் படிச்ச எவருக்கும் இது அரிச்சுவடி. எங்க லேபிளரும் 200, ஃபில்லரும் 200. பர்ச்சேஸ்ல விலை குறைச்சு வாங்கிட்டாங்க. அப்ப பஃபர் ஒரு தடவ நிரம்பிட்டா அத எப்படிக் காலி பண்றது? லேபிளர் 220 ஓடினாக்கூட 600 பாட்டில் பாக்கியத் தீக்க அரை மணி நேரம் ஆகும். 200க்கு 200ன்னா ஷிஃப்ட் முடியற வரைக்கும் தீராது.

சென்சாரப் பத்தியும் சொல்லிடறேன். கன்வேயர் மோட்டாருக்கு எல்லாம் வேகத்தக் கூட்டிக் குறைக்கற விஎஃப்டி போட்டிருக்கு, காசு குடுத்து வாங்கினது, ஆனா எல்லாத்தையும் 50 ஹெர்ட்ஸ்ல, ஒரே வேகத்துல, பூட்டி வச்சிருக்காங்க. ஃபனல் வாய்ல ஒரே ஒரு ஃபோட்டோ சென்சார். அது ஜாம்னு சொல்லும்போது பின்னாடி எல்லாம் இறுகி முடிஞ்சிருக்கும். ரெண்டு மீட்டர் முன்னாடி இன்னொரு சென்சார் வச்சு, கூட்டம் சேர ஆரம்பிக்கும்போதே பின்னாடி செயின் வேகத்தக் குறைக்கச் சொல்லி லைன ஓட்டுற கன்ட்ரோல் கம்ப்யூட்டரான பிஎல்சில நாலு வரி எழுதினா பாதி ஜாம் அங்கயே தீரும். சென்சார் விலை ஒரு ஷிஃப்ட்ல நசுங்குற பாட்டில் விலைக்கு வராது. ஆனா பிஎல்சி பாஸ்வேர்டு மெஷின் குடுத்தவன்கிட்ட இருக்கு, அவன் ஆளு வர விசிட் சார்ஜ் கேக்குறான், அந்த பில்லுல கையெழுத்துப் போட இங்க ஆளில்ல.

சின்ன பாட்டில் ஓட்டுற அன்னிக்கு இன்னும் மோசம். 55 மில்லிமீட்டர் பாட்டிலு, ஆனா ரயில் இடைவெளி பெருசுக்கு வச்ச 70லயே இருக்கும் பாதி இடத்துல, ஏன்னா ரயில் பிராக்கெட்ல ஒரு அளவுக் கோடு கூட கிடையாது, கைத் திருகாணிய கண்ணளவுல வச்சு முடுக்கணும். 15 மில்லிமீட்டர் சும்மா இருந்தா பாட்டில் நேரா போகாது, ஒன்னு இடது ஒன்னு வலதுன்னு கோணல் மாணலா அடைச்சுகிட்டு நிக்கும். அதுக்கும் பேரு ஆபரேட்டர் செட்டிங் சரியில்ல.

சரி, இவ்வளவு நிக்குதே, ரிப்போர்ட்ல வராதான்னு கேப்பீங்க. வராது. பத்து நிமிஷத்துக்கு மேல நின்னாத்தான் எங்ககிட்ட பிரேக்டவுன் ஷீட்ல ஏத்துவாங்க. ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவ 40 செகண்டு நிக்குதுன்னு வைங்க, மணிக்கு 400 செகண்டு, நூத்துக்கு 11 பங்கு நேரம் போச்சு, ஏறக்குறைய 1,300 பாட்டில். ஷீட்ல ஒரு வரி கிடையாது. டிபிஎம்னு, அதாவது எல்லாரும் சேந்து மெஷினப் பராமரிக்கற முறைன்னு, ஜப்பான்ல செய்இச்சி நகாஜிமா எழுதி வச்ச ஆறு பெரிய நஷ்டத்துல இந்தச் சின்னச் சின்ன நிறுத்தமும் ஒன்னு, அந்த ஆறும் எங்க ஷாப் ஃப்ளோர் சுவத்துல போஸ்டரா தொங்குது. ஓஇஇ, அதாவது லைன் அதோட முழுத் திறன்ல எத்தனை சதவீதம் ஓடுதுங்கற கணக்கு, 85 வரணும்னு அதே மீட்டிங்ல கத்துறாங்க. அந்த 85 எங்க இருந்து வந்துச்சு? அவைலபிலிட்டி (ஓடுன நேரம்) 90, பெர்ஃபாமன்ஸ் (ஓடுன வேகம்) 95, க்வாலிட்டி (நல்ல பாட்டில்) 99, மூனு சதவீதத்தையும் பெருக்கினா வர்றது. ஃபனல்லயே 11 போற லைன்ல பெர்ஃபாமன்ஸ் 95 எங்க இருந்து வரும்? யாரு பைப்பால இன்னும் வேகமா தட்டினா வரும்?

இப்ப ரெண்டாவது லைன் வருதாம். லேஅவுட் டிராயிங் நேத்து மெயில்ல வந்துச்சு, தொறந்து பாத்தேன், டனல்ல இருந்து லேபிளருக்கு மறுபடியும் அதே 2 மீட்டர் ஃபனல். பாத்த உடனே தலைக்கு ஏறிடுச்சு. 6 மீட்டர் குடுங்க சார். அதே ரயில் 45 டிகிரில இருந்து 18 டிகிரிக்கு வந்துடும், செயின அஞ்சாறு வேகமாப் பிரிச்சுப் போட இடம் கிடைக்கும், பக்கத்துல 2.2 சதுர மீட்டர் டேபிளுக்கு. லேபிளர் 240 ஓடறதா வாங்குங்க. புல் கார்டு டிராயிங்லயே வரட்டும், அப்புறமா பட்ஜெட்னு பேச வேண்டாம். இத அப்படியே ரிப்ளை ஆல் போட்டு அனுப்பிட்டேன், டிராயிங் மேல சிவப்புல குறிச்சு. பேலட் அடுக்க இடம் பத்தலன்னு யாராவது பதில் போட்டா, பழைய லைன்ல ரிஜெக்ட் க்ரேட் அடுக்கியிருக்கற இடத்த அளந்து அனுப்புவேன், டேப் எடுத்து வச்சாச்சு.