புகைச் சான்று மட்டும் போதுமா?
புகைச் சான்று இல்லாத லாரிகளை தமிழ்நாடு-கேரள எல்லையான வாளையாரிலேயே மடக்கணும்னு எழுதியிருக்கீங்க. சரிதான். பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில எனக்கு ரெண்டு வண்டி. பழசு பி.எஸ். 4, அதாவது முந்தின புகை விதிப்படி வந்த வண்டி. புகை எவ்வளவு அடர்த்தின்னு அளக்குற எச்.எஸ்.யு. கணக்குல 50-க்குள்ள இருந்தா பாஸ். இன்ஜெக்டர், ஏர் ஃபில்டரைக் கவனிச்சா போதும். தலைவலியே 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 வண்டிதான். புகையைச் சுத்தப்படுத்த தனி டேங்க்ல ஊத்துற யூரியா கரைசல்தான் ஆட்ப்ளூ; அது தீர்ந்தாலோ தரமில்லாட்டியோ வண்டி இழுவையைக் குறைச்சிடும். போன மாசம் தேங்காய் லோடோட மேட்டுல நின்னுட்டோம். பார்த்தா, டிரைவர் ஆட்ப்ளூவை லூஸ்ல வாங்கி ஊத்தியிருக்கார். அதுல சுத்தமான யூரியா 32.5 சதவீதம் இருக்கணும். வயலுக்குப் போடுற யூரியாவைக் கரைச்சு ஊத்துற புத்திசாலிகளும் இருக்காங்க! ஆட்ப்ளூவைக் கண்காணிக்கிற சென்சாரையே கட் பண்ணித் தர்றேன்னார் ஒரு மெக்கானிக். வேண்டாம்னுட்டேன். மாட்டினா முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், அதுக்குப் பல பக்கெட் நல்ல ஆட்ப்ளூவே வாங்கிடலாமே.