50 பேர் வகுப்பில் ஒரு பிள்ளை 2 சதவீதம்

அமெரிக்க நகரம் ஒன்றின் சின்ன அரசு நடுநிலைப் பள்ளியில் கணிதத் தேர்ச்சி ஒரே வருடத்தில் 10 சதவீதப் புள்ளி சரிந்துவிட்டதாக உங்கள் கட்டுரை பதறுகிறது. எட்டாம் வகுப்பில் மொத்தமே 50 பேர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நன்றாகப் படிக்கும் ஐந்து பேர் வீடு மாறிப் போய், தடுமாறுகிற ஐந்து பேர் வந்து சேர்ந்தாலே அந்த 10 புள்ளி காலி. பாடம் நடத்துபவர் அதே ஆசிரியர்தான்.

'100 சதவீதம் இலவச மதிய உணவு, அதனால் எல்லோரும் ஏழைகள்' என்பது அதைவிடப் பெரிய கோளாறு. 2014 முதல் நாடு முழுக்க உள்ள ஏற்பாட்டின்படி, அரசு உதவி பெறும் குடும்பத்துப் பிள்ளைகள் போன்றோரின் பங்கு ஓர் அளவைத் தொட்டால், பள்ளி விரும்பினால் எல்லோருக்கும் சாப்பாடு இலவசம்; விண்ணப்பமே கிடையாது. அந்த அளவு முன்பு 40 சதவீதம், 2023-ல் 25 ஆக்கிவிட்டார்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளையும் அந்த நூற்றுக்குள்தான் வருவான்!

ஆங்கிலம் கற்போர் பிரிவின் (வீட்டில் வேறு மொழி பேசி, ஆங்கிலத்தில் இன்னும் தேறாத பிள்ளைகள்) கணக்கும் அப்படித்தான். மொழியில் தேறியவர்களைப் பிரிவிலிருந்து எடுத்துவிடுவார்கள்; மிஞ்சுபவர்கள் தேறாதவர்கள்தான், பிரிவின் மதிப்பெண் தாழ்வாகத்தானே தெரியும். தேறிப் போனவர்களது மதிப்பெண்ணையும் நான்கு வருடம் வரை பிரிவின் கணக்கில் சேர்த்துக்கொள்ள அமெரிக்காவின் 2015 கல்விச் சட்டம் இடம் தருகிறது. இந்தப் பள்ளிக் கணக்கில் சேர்த்தார்களா? கட்டுரையில் அதைப் பற்றி மூச்சே இல்லை.

ஆறாம் வகுப்பில் நுழைந்த அதே பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் எங்கே நிற்கிறார்கள் என்ற கணக்கு இருந்தால் போடுங்கள், பேசலாம்.