நைஸ் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரையில் 'நைஸ்' என்ற சொல்லைக் கண்டாலே சிவப்பு மையில் வட்டம் போட்டு, "வேற நல்ல வேர்டு போடு" என்று ஓரத்தில் எழுதும் வழக்கம் இன்னும் போகவில்லை. எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. சோம்பேறிகளின் சொல், அர்த்தமே இல்லாத சொல் என்கிறார்கள். அதை ஒரு தடவையாவது திருப்பிப் போட்டுப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இந்தப் புகார் புதிதும் இல்லை. 1817 கடைசியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டின் நாவல் ஒன்றில், ஒரு புத்தகத்தை நைஸ் என்று சொல்லும் பெண்ணை ஒருவன் வாரு வாரென்று வாருகிறான். 1926-ல் ஃபௌலர் என்ற இலக்கண ஆசாமி, பெண்கள் கொஞ்சிக் கொஞ்சியே இந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டார்கள் என்ற மாதிரி எழுதி வைத்தார். ஆம்பளைங்க யாரும் நைஸ் சொல்லவே இல்லை போலிருக்கிறது, சரி விடுங்கள்.

இவ்வளவு திட்டு வாங்கும் இந்தச் சொல் பிறந்ததே ஒரு திட்டாகத்தான். லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் ஒன்றும் அறியாதவன். அது பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது நைஸ் என்றால் முட்டாள். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்தில் யாரையாவது நைஸ் என்று சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும். அப்புறம் அந்த அசட்டுத்தனம் மெல்ல நகர்ந்து கூச்சமாகி, நாசூக்காகி, எதை வைத்தாலும் குறை சொல்கிற கறாராகி, கடைசியில் நுணுக்கம் என்ற பொருளில் வந்து நின்றது. 1755-ல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட அகராதியில் துல்லியமான, நுட்பமான, எளிதில் முகம் சுளிக்கிற என்ற வகைப் பொருள்கள்தான் வரிசையாக இருக்கின்றன. இன்று நாம் வாய்க்கு வாய் சொல்லும் 'இனிமையான, நல்ல' என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் சூடு பிடித்தது. நம்மிடம் 'நாற்றம்' வாசனையிலிருந்து கெட்ட வாடைக்கு இறங்கிய கதை எல்லோருக்கும் தெரியும், இது அப்படியே எதிர்த்திசையில் ஏறி வந்திருக்கிறது.

பழைய நுணுக்கப் பொருள் செத்தும் போகவில்லை. வக்கீல்கள் 'எ நைஸ் பாயின்ட் ஆஃப் லா' என்றால் அது நல்ல பாயின்ட் என்று அர்த்தம் இல்லை, மயிரிழை வித்தியாசத்தில் இப்படியும் போகலாம் அப்படியும் போகலாம் என்று மண்டையைக் குடைகிற சட்டக் கேள்வி. 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்பதும் அதே சங்கதிதான். அதை 'நல்ல வேறுபாடு' என்று மொழிபெயர்த்துவிட்டுப் போனால் வாக்கியமே குப்புற விழும்.

அந்தப் பொருள் நம் வீட்டு அடுக்களையிலும் இருக்கிறது, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. "உளுந்தை இன்னும் கொஞ்சம் நைஸா அரை" என்று சொல்லும் அம்மாக்கள் யாரும் ஜான்சன் அகராதியைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. கிரைண்டருக்குள் ரெண்டு விரலை விட்டு மாவை எடுத்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, நறநறவென்று ஒரு குறுணை தட்டுப்பட்டாலும் மறுபடி ஓட விடுவார்கள். இனிமைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, சுத்தமான நுணுக்கம். நையப் புடைப்பது, நைந்துபோன வேட்டி என்று நமக்கே ஒரு 'நை' இருப்பதால் இந்தச் சொல் உள்ளே வந்ததும் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம். அதோடு நாம் விட்டோமா? "நைஸா நழுவிட்டான்", "நைஸா பேசியே காரியத்தை முடிச்சுட்டா" என்று ஆங்கிலேயனுக்கே தெரியாத வேலையெல்லாம் அதற்குக் கொடுத்து வைத்திருக்கிறோம்.

ஆங்கிலத்திலும் அது சும்மா இருக்கவில்லை. 'நைஸ் அண்ட் வார்ம்' என்றால் இதமான சூடு, அந்த 'நைஸ் அண்ட்' வெறும் 'வெரி' செய்யாத வேலையைச் செய்கிறது. 'நைஸ் ட்ரை' என்பது தோற்றவனுக்கு ஆறுதல், ஏமாற்றப் பார்த்தவனிடம் சொன்னால் "எங்கிட்டயேவா?". புத்தம்புது காரை கேட்டில் உரசிவிட்டு இறங்குகிறவனிடம் 'நைஸ்' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், ஒரு பக்கத் திட்டு அதில் அடங்கிவிடும். இதில் எந்த இடத்திலாவது 'பிளசன்ட்' போட முடியுமா?

இந்த மாற்றுச் சொல் பட்டியல்களின் கோளாறே அதுதான். பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைத்தால் எல்லாம் ஒன்று போலத் தெரியும். 'பிளசன்ட்' கொஞ்சம் சட்டை இன் பண்ணிய சொல், வானிலைக்கும் குரலுக்கும் பொருந்தும். 'லவ்லி'யை பிரிட்டனில் கடைக்காரர் சில்லறை வாங்கும்போதுகூடச் சொல்வார். 'டீசன்ட்' என்றால் பரவாயில்லை, குறை சொல்ல முடியாது. 'கைண்ட்' முற்றிலும் வேறு: கேட்டதும் கடன் தருவதாகச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அப்புறம் போனே எடுக்காதவர் நைஸ். முகம் கொடுத்தே பேசாமல், யாருக்கும் சொல்லாமல் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிவிட்டுப் போகிறவர் கைண்ட்.

என் அக்கா மகள் ஏழாம் வகுப்பு. தாத்தாவைப் பற்றிய கட்டுரையில் 'எ நைஸ் மேன்' என்று எழுதி வட்டம் வாங்கினாள். போனில் தேடி, பட்டியலில் இருந்ததிலேயே பெரிய சொல்லாகப் பார்த்து 'டிலெக்டபிள் மேன்' என்று மாற்றினாள். அது பெரும்பாலும் சாப்பாட்டுக்குச் சொல்வது, தாத்தாவை இலையில் பரிமாறிய மாதிரி ஆகிவிட்டது. கொடுமை என்னவென்றால் அதற்கு டிக் விழுந்திருக்கிறது! "தாத்தா அப்படி என்னடா பண்ணுவாரு?" என்று கேட்டேன். "கரண்ட் போனா நான் தூங்குற வரைக்கும் விசிறிக்கிட்டே இருப்பாரு மாமா" என்றாள். அந்த ஒரு வரி கட்டுரையில் இல்லவே இல்லை. அதை எழுதச் சொல்வதை விட்டுவிட்டு, நைஸுக்குப் பதில் எந்த அலங்காரச் சொல்லைப் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன? அவர் விசிறியது மட்டும் எழுத்தில் இருந்தால், பக்கத்தில் நைஸ் தாராளமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று, பலர் மாற்றிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். முதல் முறை பார்த்துக் கை கொடுக்கும்போது 'நைஸ் டு மீட் யூ'. பேசி முடித்துக் கிளம்பும்போது 'நைஸ் மீட்டிங் யூ'. ஏற்கெனவே தெரிந்தவர் என்றால் ரெண்டும் வேண்டாம், 'நைஸ் டு சீ யூ' போதும்.