பாவாடைதானே உடுத்தேன், பாலத்தையா உடைத்தேன்?

மட்டக்களப்பு ஆம்பிளைகளிடம் ஒரு கேள்வி. விடிந்தால் சாரம் (லுங்கிதான்), படுத்தால் சாரம், சந்தைக்கும் சாரம், வாவியில் வலை வீசப் போனாலும் சாரம். இப்படி வாழ்நாளில் பாதியை அடியில் காற்றோடுகிற துணிக்குள்ளேயே கழிக்கிற உங்களுக்கு, நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாவாடை உடுத்துக்கொண்டு கல்லடிப் பக்கம் போனதில் அப்படி என்ன வயிற்றெரிச்சல்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கும் கதை கட்டுவீர்கள். நேர்த்திக்கடன் இல்லை, பந்தயம் இல்லை, யூடியூப்புக்கும் இல்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பகல் முழுக்க வெளியே திரிந்து பாருங்கள், தொடையெல்லாம் வேர்க்குரு போட்டுக் காலை அகட்டி அகட்டித்தான் வீடு வந்து சேர்வீர்கள். அப்போ சாரம் கட்டலாமே என்பீர்கள். கட்டலாம், ஆனால் என் இடுப்பில் அது நிற்காது, நாலடிக்கு ஒருக்கா அவிழ்த்துக் கட்ட வேண்டும். அதோடு எனக்குப் பாவாடை பிடித்திருக்கிறது. இது போதாதா காரணம்?

கடும்நீலப் பருத்தித்துணி, கணுக்கால்வரை நீளம், இடுப்பில் இலாஸ்ரிக், இரண்டு பக்கமும் பை. பை வைக்கச் சொன்னதும்தான் தையல்காரர் நிமிர்ந்து பார்த்தார். "பொம்புளப் புள்ளைகள் பை கேக்கிறல்லயே, ஆருக்குத் தம்பி?" எனக்குத்தான் என்றேன். சிரித்தார், ஆனால் அளவெடுத்தார், சொன்ன நாளில் தைத்தும் தந்தார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. (பெண்களுடைய உடுப்பில் ஏன் பை வைப்பதில்லை என்று இன்னொரு நாள் தனியாகக் கத்த வேண்டும்.)

தங்கச்சியும் நானும் கிளம்பினோம். முதலாவது ஆள் ஓட்டோக்கார அண்ணன். சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, தொடை வெளியே தெரிய உட்கார்ந்திருந்தவர், கணுக்கால்கூடத் தெரியாமல் உடுத்திருந்த என்னைப் பார்த்து, "என்ன தம்பி இது கோலம், வெட்கமில்லையா?" என்றார். அண்ணே, உங்கள் தொடையைப் பார்த்து எனக்குத்தான் வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

கல்லடிப் பழைய பாலத்தில் இன்னும் மோசம். வாவிக்குள் இருந்து கேட்கும் என்கிற பாடும்மீன் பாட்டுக்குக் காது கொடுக்க வேண்டிய இடத்தில் சனம் முழுக்க என் பாவாடைக்குக் கண் கொடுத்துக்கொண்டு நின்றது. பொடியன்கள் நாலைந்து பேர் ஃபோனை நீட்டிக்கொண்டே பின்னால் வந்தார்கள், "அண்ண, ஒருக்காச் சுத்திக் காட்டுங்க" என்று. வீடியோ எடுக்காதீங்கடா, எடுத்ததை அழியுங்கடா என்றால் "பகிடிதானே அண்ண" என்கிறார்கள். யாருக்குப் பகிடி? மறுகா சாப்பிடப் போன இடத்தில் வாசலிலேயே மறித்தார்கள். குடும்பங்கள் வருகிற இடமாம். நானும் தங்கச்சியும் குடும்பம் இல்லாமல் வேறென்ன? உள்ளே ஒரு வெள்ளைக்காரன் கையில்லாப் பெனியனும் அரைத்தொடைக் களிசானுமாக நண்டுக்கறியை உறிஞ்சிக்கொண்டிருந்தான், அவனுக்கு இரண்டு பேர் ஓடி ஓடிப் பரிமாறினார்கள். அவனோடு எனக்குக் கோபம் இல்லை. வாசலில் நின்றவருக்கு மட்டும் தங்கச்சி கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

வீடு வருவதற்கு முன்னமே வீடியோ வட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. பெரியம்மா அம்மாவுக்கு எடுத்து, "என்னகா, உன்ட மகனுக்கு என்ன புடிச்சிருக்கு?" அம்மா என்னைக் கண்டதும், "நாலு சனம் என்ன மனே சொல்லும்" என்று மூக்கை உறிஞ்சத் தொடங்கிவிட்டா. அவவைக் குறை சொல்லமாட்டேன், அந்த நாலு சனத்துக்கு நடுவில்தான் அவ வாழ வேண்டும். ஆனால் அடுத்து வந்தவர் பெரியப்பா. அங்கேதான் எனக்கு ஏறியது.

இந்தப் பெரியப்பா யார் தெரியுமா? இளவயதில் கூத்தில் பாஞ்சாலி ஆடியவர். சேலை கட்டி, கொண்டை போட்டு, பூ வைத்து, மார்பு வைத்துக் கட்டி, விடிய விடிய களரியில் ஆடி, கிழவிகளை எல்லாம் அழவைத்தவர். இன்றைக்கும் கல்யாண வீட்டில் அந்தப் பழைய படத்தைக் காட்டாமல் சாப்பிட உட்காரமாட்டார். எங்கள் ஊர்க் கூத்தில் பெண் வேஷத்துக்கு ஆம்பிளைதான் என்பது காலங்காலமான வழக்கம். பெண் வேஷத்தை விடுங்கள், வடமோடிக் கூத்தில் ராசா என்ன உடுத்துகிறார்? கரப்புடுப்பு! இடுப்பில் இருந்து விரிந்து, ஆடுகிறபோது சுழல்கிற அந்த உடுப்புக்கு முன்னால் என் கடும்நீலம் எம்மாத்திரம்? அதை உடுத்து ஒருவர் வரவு ஆடினால் ஊரே கண்கொட்டாமல் பார்க்கும், கூத்துப் பழக்கிய அண்ணாவியாருக்கு மரியாதை செய்யும், அதை அழியாமல் காப்பாற்ற வேண்டும் என்று மேடை போட்டுப் பேசும். அதே பெரியப்பா என்னிடம், "எங்கட பரம்பரையில ஆம்பிளைகள் இப்படித் திரிஞ்சதில்ல" என்கிறார். படத்தை எடுத்துக் காட்டினேன். "அது கலை" என்றார். சரி, இது காற்றோட்டம்.

ஸ்கொட்லாந்துக்காரன் கில்ட் கட்டிக்கொண்டு குழல் ஊதினால் அது வீரம். அந்த உடையோடே அவர்களுடைய படையணிகள் முதலாம் உலகப்போரில் சண்டை பிடித்தன. ஃபீஜியில் பொலிசே ஓரம் பல்லுப்பல்லாக வெட்டிய வெள்ளைத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு கடமைக்கு வருகிறது. 2017 ஜூனில் பிரான்சின் நாந்த் நகரில் வெக்கை தாங்காத பஸ் சாரதிகள், கட்டைக் களிசானுக்கு அனுமதி இல்லை என்றதும், அப்போ பெண் சாரதிகளுக்கு விட்டிருக்கிற பாவாடையைத் தாருங்கள் என்று உடுத்துக்கொண்டே பஸ் ஓட்டினார்கள். இதையெல்லாம் ஃபோனில் பார்த்து லைக் போடுகிற கைதான் பாலத்தில் என்னை வீடியோ எடுத்தது.

துணியில் ஒரு வித்தியாசமும் கிடையாது. மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் வாயில் இலாஸ்ரிக் வைத்துத் தைத்தால் அது பாவாடைதான். உங்களை உறுத்துவது துணி இல்லை, அது பெண்கள் உடுத்துவது என்பதுதான். தங்கச்சி ஜீன்ஸ் போட்டு ஸ்கூட்டரில் போனால், முதலில் கொஞ்ச நாள் முணுமுணுத்தாலும், பிறகு "கெட்டிக்காரி, ஆம்பிளை மாதிரி" என்று அதையே பாராட்டாக்கிவிட்டீர்கள். நான் அவள் பக்கம் ஒரு அடி வைத்தால் மட்டும் மானம் போய்விடுகிறது. அப்படியென்றால் வீட்டில் இருக்கிற அம்மா, அக்கா, மனைவியைப் பற்றி உங்கள் மனதில் என்ன மதிப்பு வைத்திருக்கிறீர்கள்?

இன்னொன்று. பாலத்தில் ஒருவர் "பொலிசுக்குச் சொல்லுவன்" என்றும் மிரட்டினார். ஆம்பிளை பாவாடை உடுத்தக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை ஐயா. ஆனால் வெள்ளைக்காரன் 1841இல் போட்ட அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தை வைத்து, றோட்டில் சும்மா நின்ற திருநங்கைகளைப் பிடித்துக்கொண்டு போன கதைகள் இந்த நாட்டில் நிறைய. எனக்குக் கிடைத்தது சிரிப்பும் பசியும்தான், வீட்டுக்கு வந்து சோறு தின்றேன். அவர்கள் ஒவ்வொரு நாளும் இதே தெருவால்தான் போய் வர வேண்டும்.

அடுத்த கிழமை பாசிக்குடா போகிறேன், பாவாடையோடுதான், சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு. வீடியோவைப் பகிர்கிறவர்கள் தயவுசெய்து அம்மாவுக்கு மட்டும் அனுப்பாதீர்கள், ஏற்கெனவே ஊரில் பாதிப்பேர் அவவுக்கு அனுப்பிவிட்டார்கள். பின்பக்கம் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்கலாமென்றால் எனக்குத்தான் ஒருத்தரும் அனுப்பவில்லை.