சி டிரைவ் இருக்கிறது, ஏ எங்கே?

கம்ப்யூட்டரை இயக்கும் விண்டோஸ் ஓஎஸ் இப்போது எல்லாம் ஒரே சீராக மாறிவிட்டது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் திருப்பூர் வந்து எங்கள் பனியன் கம்பெனி ஆபீசில் உட்கார்ந்து பாருங்க. பார்கோடு ஸ்டிக்கர் அளவை மாற்ற செட்டிங்ஸைத் திறந்து, பிரிண்டரைத் தேடிப் பிடித்து, பிரிஃபரன்சஸை அழுத்தினால், பிரிண்டர்காரன் என்றோ செய்து வைத்த சாம்பல் நிறப் பெட்டி ஒன்று வந்து நிற்கிறது, டார்க் மோடு எல்லாம் அதற்குத் தெரியாது, எழுத்தும் எறும்பு அளவுதான்.

விண்டோஸில் புது செட்டிங்ஸ் வந்தது 2012-இல், எட்டாம் பதிப்போடு. அதே வேலையைச் செய்துவந்த பழைய கன்ட்ரோல் பேனல் இன்னும் காலி செய்தபாடில்லை. புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டு சமையலை மட்டும் பழைய வீட்டிலேயே வைத்திருக்கிற மாதிரி!

நூல் கோன் கணக்குக்கு 'சி ஓ என்' என்று மூன்றெழுத்தில் ஒரு போல்டர் போட்டுப் பாருங்கள், ஏற்காது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் அது கன்சோலுக்கு, அதாவது கீபோர்டுக்கும் திரைக்கும், ஒதுக்கிய பெயராம். ஹார்டு டிஸ்க் சி டிரைவ் ஆனதும் அப்படித்தான், ஏ, பி இரண்டும் பிளாப்பி என்ற பழைய டிஸ்குக்குப் போனவை. இன்றைக்கு லேப்டாப் வாங்குகிற பிள்ளைகள் பிளாப்பியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, பழசை விடாததால்தான் எங்கள் பழைய பில்லிங் சாப்ட்வேர் இன்னும் ஓடுகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். அதற்காக ஒரே வேலைக்கு இரண்டு வாசலா? இதைத் தட்டச்சு செய்யும்போதே பேக்கிங்கிலிருந்து மூன்றாவது தடவையாகக் கேட்கிறார்கள், "ஸ்டிக்கர் வந்துருச்சுங்களா?"