தானே புயலும் எங்கள் வீட்டு இன்வெர்ட்டரும்

சூரிய, காற்றாலை மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரி நிலையங்கள் பெருகிவருவதைப் பற்றிய உங்கள் கட்டுரையைக் கடலூரில் இருந்து படித்தேன். செலவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள், சரி. மாலை நேரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். நண்பகலில் பேனல்கள் கொட்டிக் கொடுக்கின்றன. ஆறரை மணிக்கு வீடு வீடாக விளக்கும் ஏசியும் ஓடத் தொடங்கும்போது சூரியன் இல்லை. எங்களுக்குப் பக்கத்தில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்துத்தான் சமாளிக்கிறோம். அந்த மூன்று நான்கு மணி நேரம்தான் பேட்டரிக்கு உண்மையான வேலை. 2017ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ஹார்ன்ஸ்டேல் பேட்டரி நிலையம் முழு வேகத்தில் மின்சாரம் கொடுத்தால் ஒன்றேகால் மணி நேரம்தான் தாங்கியது. இப்போது பல இடங்களில் நான்கு மணி நேரத்துக்குத் திட்டமிடுகிறார்கள்.

2011 டிசம்பர் 30, தானே புயல். எங்கள் இன்வெர்ட்டர் முதல் ராத்திரியே படுத்துவிட்டது. அம்மா டார்ச் பிடிக்க, பேட்டரியைக் குனிந்து பார்த்தேன். உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மிதவைகள் எல்லாம் அடியில் கிடந்தன. டிஸ்டில்ட் வாட்டர் வாங்கக் கடை திறந்தால்தானே! கரண்ட் வரப் பல நாளாயிற்று. இன்றைய லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மற்ற லித்தியம் வகைகளைவிட தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இந்த மாவட்டத்தில் பேட்டரி நிலையம் அமைத்தால் மேட்டு நிலமாகப் பாருங்கள். 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் எங்கெல்லாம் புகுந்தது என்று ஊர்க்காரர்களைக் கேட்டாலே காட்டுவார்கள்.