இப்ப என்ன அவசரம்? இதுகூடத் தெரியாதா?

போன டிசம்பரில் ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அக்கா மகளிடமிருந்து போன். கல்யாணமாகி நாலு மாதம், பெங்களூரில் குடித்தனம். அந்த நேரத்தில் போன் அடித்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். எடுத்தால் குரலே எழும்பாமல் பேசுகிறாள்.

"சித்தி, மாவு பொங்கவே இல்ல. காலைல இட்லின்னு சொல்லி வச்சிட்டேன். என்ன பண்றது?"

"அதுக்கு ஏன்டி குசுகுசுன்னு பேசுற?"

"அத்தை ஊர்லருந்து வந்து ஹால்ல படுத்திருக்காங்க. நான் பால்கனில நிக்கிறேன்."

டிசம்பர் குளிரில் பால்கனியில் நின்றுகொண்டு மாவைப் பற்றி ரகசியம் பேசுகிற பிள்ளையை நினைத்துச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சரி, எத்தனை மணிக்குக் கரைத்து வைத்தாய் என்றேன். மத்தியானம் மூணு. உளுந்து எவ்வளவு? நாலுக்கு ஒண்ணு. உப்பு போட்டாயா? போட்டேன். எந்தத் தண்ணீர் விட்டு அரைத்தாய்?

"ஐஸ் வாட்டர் சித்தி. மிக்சி சூடாகக் கூடாதுன்னு வீடியோல சொன்னாங்க."

அங்கேதான் விஷயம். அந்த வீடியோ போட்டவர் சென்னையில் மே மாதம் அரைத்திருப்பார். அந்த ஊருக்கு ஐஸ் தண்ணீர் சரி. பெங்களூரில் டிசம்பர் ராத்திரிக்கு அது ஆகாது. மாவைப் பொங்க வைக்கிற நுண்ணுயிர் உளுந்தோடும் அரிசியோடுமே வருகிறது. லியூகோனோஸ்டாக் என்று அதில் முக்கியமான ஒன்றுக்குப் பெயர். முப்பது டிகிரிப் பக்கம் சூடு இருந்தால் அது சுறுசுறுப்பாக வேலை செய்யும், பதினைந்து பதினாறு டிகிரியில் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். எங்கள் திருச்சியில் இதை யாரும் யோசிக்கவே வேண்டியதில்லை. இங்கே பொங்கி வழிந்து மேடையை நாசம் பண்ணாமல் இருந்தால் போதும்.

அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, மாவுச் சட்டியை அதற்குள் வைத்து, மேலே ஒரு போர்வையைச் சுற்றச் சொன்னேன். காலையில் ஓரளவுதான் ஏறியிருந்ததாம். இட்லிக்குப் போதாது என்று ஊத்தப்பமாக ஊற்றிவிட்டாள். மாமியார் ரெண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

மாவு விஷயம் அதோடு முடிந்தது. அந்தக் குசுகுசுதான் எனக்கு இன்னும் போகவில்லை. இதே பிள்ளை காலேஜ் படிக்கும்போது, எங்கள் வீட்டு அடுப்படியில் கிரைண்டர் பக்கத்தில் நின்று, "உளுந்து பதம் எப்படிம்மா தெரியும்?" என்று அவள் அம்மாவைக் கேட்டதை நானே என் காதால் கேட்டிருக்கிறேன். "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு, இப்ப என்ன அவசரம்?" என்றாள் அக்கா. அன்றைக்கு அவசரமில்லாத கேள்வி, கல்யாணமான மறுநாளே "இதுகூடத் தெரியாதா?" ஆகிவிட்டது. நடுவில் ஒரு நாளாவது அந்தக் கேள்வியைத் தைரியமாகக் கேட்கிற நாளாக இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. (பதம் தெரிய வேண்டியவர்களுக்கு: அரைத்த உளுந்தில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விடுங்கள், மிதக்க வேண்டும். இதைச் சொல்ல அக்காவுக்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.)

வீட்டுக் கேள்விகள் பலவும் இப்படித்தான் கிடக்கின்றன. சிலிண்டரின் மேல்பக்கம், கைப்பிடிக்குக் கீழே உள்ள பட்டையில், பி-27 என்கிற மாதிரி எழுதியிருக்கும். அடுத்த பரிசோதனை எப்போது என்பதற்கான குறி அது. ஏ என்றால் ஜனவரியிலிருந்து மார்ச், பி என்றால் ஏப்ரலிலிருந்து ஜூன், சி, டி அதே வரிசை. பக்கத்தில் இருப்பது வருஷம். தேதி தாண்டிய சிலிண்டர் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம். இருபது வருஷம் சிலிண்டர் உருட்டிய பிறகுதான் எனக்கே இது தெரிந்தது, அதுவும் கொண்டுவந்து போடுகிற தம்பி சொல்லி.

கரண்ட் பில் இன்னொன்று. ரெண்டு மாசத்துக்கு ஒரு முறை எங்கள் வீட்டில் பஞ்சாயத்து கூடும். குற்றவாளி எப்போதும் என் மகளின் ஏசிதான். ஒரு நாள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 510 ஓடினால் 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! ஐந்நூறைத் தாண்டியதும் 101-லிருந்து 200 வரைக்கும் இருந்த 2 ரூபாய் 25 காசு சலுகை போய், அந்த நூறு யூனிட்டுக்கும் நாலரை ரூபாய் விழுந்துவிடுகிறது. மகள் கூடுதலாக ஓட்டியது ஒரு ராத்திரிதான் இருக்கும். பிறகு கட்டணம் மாறிவிட்டது, ஆனால் ஐந்நூறில் இருக்கிற அந்தப் பள்ளம் மூடப்படவில்லை. இது தெரியாமல் எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகள் திட்டு வாங்குகிறார்களோ.

இதெல்லாம் சின்ன நஷ்டம். ஊத்தப்பத்தோடும் முந்நூறு ரூபாயோடும் போய்விடும். எனக்கு உண்மையிலேயே ஆற்றாமை வேறு ஒரு கேள்வியில்தான்.

2019-ல் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன், "வீட்டுப் பத்திரம், டெபாசிட் இதெல்லாம் அப்பா எங்கம்மா வச்சிருக்காங்க? ஏதாச்சும் எழுதி வச்சிருக்காங்களா?" அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "இங்க நின்னுக்கிட்டுக் கேக்குற கேள்வியாடி இது?" நியாயம்தான் என்று வாயை மூடிக்கொண்டேன். அப்பா தேறி வீட்டுக்கு வந்து, பழையபடி காலையில் காய்கறி வாங்கப் போய் வர ஆரம்பித்த பிறகு திரும்பவும் கேட்டேன். "நல்லா இருக்குற மனுசன்கிட்ட எதுக்கு அபசகுனமா?" படுத்திருக்கும்போது கேட்டால் பேராசை, எழுந்து நடமாடும்போது கேட்டால் அபசகுனம்.

2022-ல் அப்பா போய்ச் சேர்ந்தார்.

முதலில் டெபாசிட். நாமினி அம்மா பேர்தான், அதனால் பணம் சிக்கலில்லாமல் வந்தது. "நாமினி அம்மா, அப்ப பணம் அம்மாவுக்குத்தான்" என்றான் தம்பி. எதிர்வீட்டுக்காரர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அப்படி இல்லை என்றார். அவர் சொன்னதுதான் சரி. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைக் கைநீட்டி வாங்கிக்கொள்ள உரிமை உள்ளவர், அவ்வளவுதான். உயில் இல்லாவிட்டால் பணம் வாரிசுகள் எல்லாருக்கும் சேர்ந்தது. 2010-ல் உச்ச நீதிமன்றமே ஒரு வங்கிக் கணக்கு வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எங்கள் வீட்டில் அம்மாவே வைத்துக்கொள்ளட்டும் என்று எல்லாரும் சொல்லிவிட்டதால் சண்டை வரவில்லை.

அடுத்தது வீடு. அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் 1994-ல் கட்டியது. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டோம். கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கே விசாரிக்க வந்தார். அம்மா, அக்கா, நான், தம்பி, நாலு ஆதார் கார்டையும் நீட்டினோம். அவர் வாங்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இறந்தவரோட தாயார் இருக்காங்களா?"

திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த அப்பாயியை எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அப்போது அப்பாயிக்குத் தொண்ணூறு தாண்டியிருந்தது.

"அப்ப இவங்க பேரும் வரும்" என்றார்.

1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் போன ஆணின் சொத்துக்கு முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன், மகள் இவர்களோடு தாயும் உண்டு. தகப்பனார் அந்த வகுப்பில் இல்லை, அம்மா உண்டு. எல்லாருக்கும் சம பங்கு, ஆக ஐந்தில் ஒன்று அப்பாயிக்கு. அப்பாயி காலத்துக்குப் பிறகு அந்தப் பங்கு சித்தப்பா, அத்தை, அப்பாவுக்குப் பதிலாக நாங்கள் என்று மூன்றாகும். அதாவது, வீட்டில் பதினைந்தில் ஒரு பங்கு சித்தப்பாவுக்கு, ஒரு பங்கு அத்தைக்கு. இதை அப்பாயியிடம் விளக்கிச் சொன்னபோது மொச்சையை முறத்தில் போட்டுவிட்டு, "எம் மவன் போனதுக்கு எனக்குக் கூலியா?" என்றார். அதற்குமேல் அன்றைக்கு யாரும் எதுவும் பேசவில்லை.

தன் பங்கை எங்களுக்கே விட்டுவிடுவதாக அப்பாயியே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறேன் என்று சொன்னார். ஆட்டோவில் ஏற்றி, பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் சார்பதிவாளர் முன்னால் உட்கார வைத்தோம். நாற்று நட்டும் கல்லுரலில் ஆட்டியும் தேய்ந்த கைரேகையை மெஷின் படிக்கவில்லை. துடைத்துத் துடைத்து ஆறாவது தடவையில்தான் விழுந்தது. அதற்குள் ஊரில் யாரோ சித்தப்பாவிடம், "கிழவிய ஏமாத்தி எழுதி வாங்கிட்டாங்க" என்று ஊதிவிட்டார்கள். ஏழெட்டு மாசம் பேச்சுவார்த்தை இல்லை. அப்பாயி காரியத்தில்தான் சித்தப்பா திரும்ப முகம் கொடுத்துப் பேசினார்.

இத்தனையும் தவிர்த்திருக்கலாம். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, ரெண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, அவர்களும் கையெழுத்துப் போட்டால் செல்லும். அப்பா தினமும் காய்கறிக் கணக்கு எழுதுகிற மனிதர். கத்தரிக்காய் கால் கிலோ எத்தனை ரூபாய் என்று 2022 வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார். வீடு யாருக்கு என்று ஒரு வரி எழுதவில்லை. நாங்கள் கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கேட்டோம், கேட்கக்கூடாத நேரத்தில். கேட்கக்கூடிய நேரம் எதுவென்று இன்றுவரை யாராவது சொன்னால் தேவலை.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. பெண்ணுக்குப் பங்கு வந்தது 2005-க்கு அப்புறம்தான் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அந்த வாரிசுரிமைச் சட்டத்துக்கு 2005-ல் வந்த திருத்தம் பூர்வீகச் சொத்து சம்பந்தப்பட்டது. அதையும் தமிழ்நாடு 1989-லேயே, அப்போது கல்யாணமாகாத பெண்களுக்குக் கொடுத்துவிட்டது. அப்பாவின் சொந்தச் சம்பாத்தியத்தில், உயில் இல்லாவிட்டால், மகளுக்கும் மகனுக்கும் 1956-லிருந்தே சமம்தான். இது தெரியாமல் "தம்பிக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வா" என்றதும் போட்டுவிட்டு வந்தவர்கள் என் வயதில் எவ்வளவு பேர்! தெரிந்து, மனசார விட்டுக்கொடுப்பது வேறு. அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை.

எல்லாம் இப்போது போனிலேயே கிடைக்கிறதே, கேட்க வேண்டிய அவசியம் என்ன என்பார்கள். கிடைக்கிறது, நானும் பார்க்கிறேன். ஆனால் நாமாகச் சொல்லாவிட்டால், ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்ததோ திண்ணையில் அப்பாயி உட்கார்ந்திருப்பதோ அதற்கு எப்படித் தெரியும்? நல்ல பதில் சொல்கிறவர்கள் முதலில் திருப்பி ஒரு கேள்வி கேட்பார்கள். "எந்தத் தண்ணி விட்ட?" "தாயார் இருக்காங்களா?" அந்தத் திருப்பிக் கேட்கிற ஆளுக்குத்தான் வீடுகளில் பஞ்சம். பதில் தெரிந்த ஆள் எல்லா வீட்டிலும் ஒருவராவது இருக்கிறார். அவர் வாயில் முதலில் வருவது "இதுகூடத் தெரியாதா?" என்பதாக இருந்தால், எதிரே நிற்கிற பிள்ளை பால்கனிக்குத்தான் போகும்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் இருநூறு பக்க நோட்டோடு போய் உட்கார்ந்தேன். அம்மாவுக்கு எழுபத்தி நாலு. நல்லா இருக்கிறார், அதனால் அபசகுனம். ஆனாலும் கேட்டேன். நகை எங்கே, பாஸ்புக் எங்கே, பென்ஷன் பேப்பர் எங்கே, யாருக்கு என்ன கொடுக்கணும், யாரிடமிருந்து என்ன வரணும், எல்லாத்தையும் சொல்லும்மா, நான் எழுதிக்கிறேன் என்றேன்.

"இப்ப என்ன அவசரம்?" என்றார் எதிர்பார்த்தபடியே. நான் எழுந்திருக்கவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். கீரையை ஆய்ந்துகொண்டே கொஞ்ச நேரம் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். அப்புறம், "சரி, எழுது" என்றார்.

"ஒண்ணு. எவர்சில்வர் அண்டா, பெருசு, அடியில அப்பா பேரு வெட்டியிருக்கும். உங்க அத்தை 2011-ல வளைகாப்புக்குன்னு வாங்கிட்டுப் போனா. இன்னும் திரும்பி வரல."